காலியாக நிரம்பிய குளம்

அலுவலகத்தில் அவனைச் சிலந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வலைத்தளம் வலைத்தளமாக ஊர்ந்துபோய் விவரங்களைப் பொறுக்கி வரும் நிரல்களை எழுதுவது அவன் வேலை. எந்தப் பேருந்து எப்போது கிளம்பும், எந்த விடுதியில் அறை காலி, எந்தக் கடையில் எந்த அளவுச் சக்கரம் இருப்பில் இருக்கிறது என்று யார் எதைக் கேட்டாலும் கொண்டுவந்து கொட்டுவான். இதைச் சுரண்டுவது என்று சொல்லலாம் என ஒருமுறை அக்காவிடம் வாய்விட்டுவிட்டான். அன்றிலிருந்து உறவுக்காரர்கள் யார் விசாரித்தாலும் அக்கா, "தம்பி இணையத்துல சுரண்டுறான். நல்ல வேலைதான், உக்காந்துக்கிட்டே சுரண்டலாம்" என்று பதில் சொல்லிவந்தாள்.

அக்காவுக்கு நின்றுகொண்டே செய்யும் வேலை. தபால் பிரிக்கும் கூடத்தில், சிமெண்ட் தரையில், காலையிலிருந்து மாலை வரை நின்று பொட்டலங்களைத் தெருவாரியாகப் பெட்டியில் போடுவாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு, "ஒரு தம்பியே தாங்கல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். இருவரும் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தார்கள். அங்கே லிஃப்ட் கிடையாது. அதனால் அக்காவின் முட்டி தகராறு செய்ய ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது படிக்கட்டுதான். இரண்டாம் மாடியில் நின்று, கைப்பிடிக் கம்பியை ஏதோ விசாரிப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார்.

"எனக்கு நீச்சல் தெரியாதே டாக்டர்."

"நீந்தச் சொல்லல. நடக்கச் சொன்னேன்."

"நடக்கிறதுக்குத்தான் ரோடு இருக்கே?"

"ரோடு உங்களைத் தூக்கிக்காது. தண்ணி தூக்கிக்கும். முட்டி சும்மா கூட வரும்."

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நகராட்சியின் நீச்சல்குளம் இருந்தது. உறுப்பினராகப் பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாம். ஆனால் முன்கூட்டியே இணையத்தில் இடம் பதிவு செய்ய வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும். அக்கா ஆறு மணிக்கு முன்பே எழுந்து, சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்து, விரலைத் தூக்கிப் பிடித்துக் கொக்கு மாதிரி காத்திருப்பாள். பக்கம் திறக்கும். பெயரை அடிப்பாள். உறுப்பினர் எண்ணை அடிப்பாள். அமுக்குவாள். 'நிரம்பிவிட்டது' என்று சிவப்பில் வரும். பல காலைகள் இப்படியே போயின. ஒருநாள் அவள் கைப்பேசியைத் திட்டிய திட்டில் மாடி வீட்டுக்காரர் எழுந்து விளக்கைப் போட்டார். சிலந்தியும் எழுந்து வந்தான்.

"என்னக்கா, காலங்காத்தால?"

"எவனோ எனக்கு முன்னாடி அமுக்கிடுறான்டா. என் விரல் மட்டும் மாட்டு வண்டியா?"

"விரலை வச்சு அமுக்கினா கிடைக்காதுக்கா. இதுக்குன்னே ஒரு பிரவுசர் இருக்கு. தலையில்லாத பிரவுசர்."

"தலை இல்லாம எப்படிடா பாக்கும்?"

"பாக்காது. படிக்கும்."

"கண்ணு இல்லாமலா?"

"திரை கிடையாதுன்னு அர்த்தம். நீ திறந்தா ஜன்னல் மாதிரி ஒண்ணு வருதுல்ல, அது வராது. உள்ளுக்குள்ளயே பக்கத்தைத் திறந்து, உள்ளுக்குள்ளயே பேரை எழுதி, பட்டனை அமுக்கிட்டு வந்துடும்."

அக்கா யோசித்தாள். "தலை இருக்க வால் ஆடக்கூடாதும்பாங்க. இங்க தலையே கிடையாது, வால்தான் எல்லாம் பாக்குதா? சரி, ஆடட்டும். எனக்கு இடம் கிடைச்சாப் போதும்."

முதல் முயற்சி சரியாக வரவில்லை. வழக்கமான பிரவுசரின் தலையைத்தான் அவன் எடுத்திருந்தான். உடம்பு அப்படியே இருந்தது. குளத்தின் தளத்துக்குள் நுழைந்ததும் ஒரு படக்காட்சி ஓடும். நீலத் தண்ணீர் அலையலையாக ஆடும். பார்க்க ஆளே இல்லை என்று தெரிந்தும் அந்தப் பிரவுசர் ஒவ்வொரு அலையையும் சிரத்தையாக வரைந்தது. எழுத்துருக்களை இறக்கியது. ஓரத்தில் வந்த விளம்பரத்துக்கு வண்ணம் தீட்டியது. அவனுடைய பழைய மடிக்கணினியின் விசிறி வீட்டையே தூக்கிக்கொண்டு போவது போல இரைந்தது. அது அலைகளை வரைந்து முடித்து, பட்டன் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது இடம் நிரம்பியிருந்தது. அக்கா, "இதுக்கு என் விரலே தேவலை" என்றாள்.

அந்தச் சொல் அவனைத் தைத்தது. சுரண்டுவதில் அவனுக்கென்று ஒரு மானம் இருந்தது. வரைகிற வேலையையே அடியோடு தூக்கியெறிந்துவிட்ட இலேசான பிரவுசர்கள் வந்திருப்பதாக அவன் படித்திருந்தான். படம் கிடையாது, வண்ணம் கிடையாது, அலங்காரம் கிடையாது. பக்கத்தின் எலும்பு மட்டும், அந்த எலும்பை அசைக்கத் தேவையான நிரல் மட்டும். கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால், வழியில் ஒரு ஜன்னலையும் எட்டிப் பார்க்காமல் உப்போடு திரும்பி வரும் பிறவி. அப்படி ஒன்றை எடுத்து, தன் தேவைக்கு இன்னும் கொஞ்சம் இழைத்து, உள்ளங்கை அகலமே இருந்த ஒரு சின்னக் கணினியில் ஏற்றினான். அதைக் குளிர்பெட்டியின் மேல், பழைய முட்டை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். விசிறி கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது.

ஓட விடுவதற்கு முன் முறைப்படி ஒன்றைச் சரிபார்த்தான். இப்படிப்பட்ட நிரல்கள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று வலைத்தளங்கள் வாசலில் ஓர் அறிவிப்பை வைப்பது வழக்கம். குளத்தின் தளத்தில் அப்படி எதுவும் இல்லை. நாய் ஜாக்கிரதை என்ற பலகை இல்லாத வீட்டில் நாய் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதானே உலக வழக்கம். எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஆறு மணிக்கு அக்காவின் கைப்பேசி ஒருமுறை சிணுங்கியது. இடம் கிடைத்துவிட்டது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் குளத்துக்குப் போய்விட்டு வந்தவள், ஈரத் தலையோடு சமையலறையில் உட்கார்ந்தாள். மருந்துத் தண்ணீர் வாடை வீடு முழுக்க அடித்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"தூக்குச்சுடா" என்றாள். "நெசமாவே தூக்குச்சு. நான் பாட்டுக்கு நடந்தேன், யாரோ அடியில கை கொடுத்த மாதிரி இருந்துச்சு."

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவன் பல வருடங்களாகப் பார்த்ததில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் அவனுக்கு முட்டை இரண்டாகக் கிடைத்தது.

தபால் கூடத்தில் எல்லோருக்கும் முட்டி உண்டு. எல்லோர் முட்டியும் அதே சிமெண்டில்தான் நின்றது. அக்கா ஒருத்தியிடம் சொன்னாள். அந்த ஒருத்தி, "உங்க தம்பிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள். இவள் சொன்னாள். சிலந்தியால் மறுக்க முடியவில்லை. மறுக்கக் காரணமும் இல்லை. பழைய கனத்த பிரவுசராக இருந்திருந்தால் இரண்டாவது ஆளுக்கே மடிக்கணினி மூச்சு முட்டி விழுந்திருக்கும். "முடியாதுக்கா" என்று சொல்லியிருப்பான். கதையும் அங்கேயே முடிந்திருக்கும். இது இலேசு. இன்னொரு ஆளைச் சேர்த்தால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பலரைச் சேர்த்தாலும் தெரியவில்லை. பச்சைப் புள்ளி ஒரு துளி கூடுதலாகக்கூட எரியவில்லை.

பிறகு மாடி வீட்டுக்காரர் வந்தார். அவருடைய மைத்துனி குடும்பம் வந்தது. ஒருநாள் எலும்பு மருத்துவரே அழைத்தார்.

"உங்க அக்கா சொன்னாங்க. என்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் தண்ணியில நடங்கன்னு எழுதித் தர்றேன், போனா இடம் இல்லைங்கிறாங்க. நீங்க கொஞ்சம் உதவி பண்ணினா..."

"எந்த நாள், எந்த நேரம்னு சொல்வாங்களா டாக்டர்?"

"நோயாளிங்க சார். எந்த நாளா இருந்தாலும் சரி."

ஒவ்வொருவராக எழுதிக்கொள்ளச் சலிப்பாக இருந்ததால், அவர்களே பெயரைச் சேர்த்துக்கொள்ள ஒரு சின்னப் பக்கம் செய்து கொடுத்துவிட்டான். அதில் 'எந்த நாளும் சரி' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் அதைத்தான் தட்டினார்கள். சும்மா வருவதை யார் குறைத்துக் கேட்பார்கள்? அதோடு நிற்காமல், நிரல் இவ்வளவு மெலிதாக வந்துவிட்ட பெருமிதத்தில், தன்னைப் போலச் சுரண்டும் வேலை செய்பவர்கள் கூடும் இணைய மன்றத்தில் அதை முழுவதுமாகப் போட்டு, 'குளிர்பெட்டி மேல் வைக்கலாம்' என்று தலைப்பும் கொடுத்தான். பாராட்டுகள் குவிந்தன. யாரோ ஒருவர் தன் வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் வைத்திருப்பதாகப் படம் போட்டிருந்தார்.

அக்கா வாரம் தவறாமல் போய்வந்தாள். ஒருநாள் வந்து, "இன்னைக்குக் கூட்டம் கம்மிடா" என்றாள். அடுத்த முறை, "ரெண்டு மூணு பேருதான். நல்லா இருந்துச்சு" என்றாள். அதற்கடுத்த முறை அவள் குரலிலேயே ஒரு பணக்காரக் களை வந்திருந்தது.

"நான் மட்டும்தான்டா. அவ்வளவு பெரிய குளம், நான், அந்த விசில்காரர். அவர் உசந்த நாற்காலியில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்காரு. நான் நடக்கிறேன், அவர் தலை கூடவே திரும்புது. ராஜா வீட்டுக் குளம் மாதிரி இருக்கு."

விசில்காரர் என்று அவள் சொன்னது, யாராவது மூழ்கினால் தூக்குவதற்கு இருக்கும் காவலரை. நெஞ்சளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்து நடக்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணைக் காப்பதில் அவர் அன்றைய பணி நேரம் முழுவதையும் செலவிட்டார். மெத்தனமாக இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

சிலந்தி அதைக் கேட்டுச் சிரித்தான். வேலை நாள், மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் அக்கா குளத்திலிருந்து வெளியே வந்தபோது, வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற வயது. தலையில் ரப்பர் நீச்சல் தொப்பியை ஏற்கெனவே மாட்டியிருந்தார், கையில் துண்டு. வாசலில் ஆள் கிடையாது. கைப்பேசியைக் காட்டினால் திறக்கும் இரும்புக் கம்பிக் கதவு ஒன்றுதான். அதன் மேலிருந்த திரையில் 'நிரம்பிவிட்டது' என்று எரிந்துகொண்டிருந்தது. தொப்பிக்காரர் அதைப் படித்துவிட்டு, கம்பிகளுக்கு இடையே தெரிந்த தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. மறுபடியும் திரையைப் படித்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார் அக்காவிடம். "உள்ள எத்தனை பேர் இருக்காங்க?"

அக்காவுக்குப் பொய் வராது. தபால் கூடத்தில் அதனாலேயே அவளுக்குப் பல பகை உண்டு.

"யாரும் இல்லைங்க. நான்தான் இருந்தேன். நானும் வந்துட்டேன்."

"அப்ப ஏன் நிரம்பிடுச்சுன்னு போட்டிருக்கு?"

"தெரியலையே."

"நான் வருஷக்கணக்கா தினமும் வந்துக்கிட்டிருந்தேம்மா. ஒரு மாசமா இந்தக் கதவு என்னை விடல. இடம் கிடைக்குமான்னு தினமும் வந்து பாக்குறேன். என்ன, தொப்பி மட்டும் நனையவே இல்ல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவும் பதிலுக்குக் கோபப்பட்டுவிட்டு வந்திருப்பாள். அவர் தொப்பியைக் கழற்றி, தண்ணீர் இருப்பது போல ஒருமுறை உதறிவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்று மாடியையும் அக்கா அன்று எங்கும் நிற்காமல் ஏறி வந்தாள்.

"ஏன்டா, ஆளே இல்லாத குளம் எப்படிடா நிரம்பும்?"

அவன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். அன்றைய பதிவுகளை எடுத்துப் பார்த்தான். ஏற இறங்கப் பார்த்தான். பக்கத்து நாளையும் பார்த்தான். அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யாருடா அவங்கெல்லாம்?"

"நம்ம ஆளுங்கதான்க்கா."

"நம்ம ஆளுங்கன்னா?"

"உங்க தபால் கூடம். மாடி வீட்டுக்காரர். அவர் மைத்துனி. டாக்டரோட நோயாளிங்க. டாக்டர்."

"டாக்டருக்கு என்ன கேடு?"

"அவரும் கட்டத்தைத் தட்டியிருக்காரு."

"அப்ப ஏன் யாரும் வரல?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் தபால் கூடத்துத் தோழியை அழைத்தாள். குளத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டாள். தோழி ஆச்சரியப்பட்டாள். "வரணும்க்கா. தினமும் காலையில இடம் கிடைச்சுதுன்னு செய்தி வருது. பாத்தாலே ஒரு நிம்மதி. சரி, நாளைக்குப் போவோம்னு விட்டுடுறேன். நாளைக்கும் கிடைச்சுடுதுல்ல?" மாடி வீட்டுக்காரர் நீச்சல் உடை இன்னும் வாங்கவில்லை என்றார். மருத்துவரிடம் கேட்டபோது அவர் சற்று யோசித்து, "இடம் கிடைச்ச சந்தோஷத்துலயே பல பேருக்கு வலி குறைஞ்சிருக்கும்மா. அதையும் சொல்லணும்" என்றார்.

அக்கா கைப்பேசியை வைத்தாள். "வைக்கோல் போர் நாய் தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாதும்பாங்க. நீ ஒரு நாயைப் பண்ணல, பட்டியே பண்ணி வச்சிருக்க. அதுவும் தலையில்லாம."

"நீ கேட்டதாலதானேக்கா செஞ்சேன்?"

"நான் எனக்கு ஒரு இடம் கேட்டேன். குளத்தை யாரு கேட்டது?"

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். நாற்காலியில் ஏறி, குளிர்பெட்டியின் மேலிருந்த கணினியின் கம்பியைப் பிடுங்கினான். பச்சைப் புள்ளி அணைந்தது. அணைந்த பிறகும் சமையலறை முன்பு இருந்தது போலவே அமைதியாக இருந்தது.

மறுநாள் காலை இருவரும் மேசையில் உட்கார்ந்து ஆறு மணிக்குப் பக்கத்தைத் திறந்தார்கள். இனி எல்லோருக்கும் இடம் இருக்கும் என்று அவன் நம்பினான். அக்கா விரலைத் தூக்கினாள். பெயரை முழுவதும் அடித்து முடிப்பதற்குள் சிவப்பு வந்துவிட்டது.

"இன்னும் பிடுங்கலையாடா?"

"பிடுங்கிட்டேனே."

பிறகுதான் அவனுக்கு இணைய மன்றம் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தான். அவனுடைய நிரலை எடுத்துப் பல பேர் பலவிதமாக மெருகேற்றியிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களே பலர் இருந்தார்கள். ஒருவர் அதை இன்னும் மெலிதாக்கி, அவனுக்கு நன்றி தெரிவித்திருந்தார். அவன் அந்தப் பதிவை அழித்தான். அழிப்பதற்கு முன்பே பிரதியெடுத்தவர்கள், ஏன் அழித்தீர்கள், நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று ஆறுதல் சொன்னார்கள்.

அக்கா வேலைக்கு விடுப்புச் சொன்னாள். அவனையும் சொல்ல வைத்தாள். "கிளம்பு. நேர்ல போய்ச் சொல்லிட்டு வருவோம்."

சுரண்டிய தளத்தின் பின்னால் இருக்கும் இடத்துக்கு அவன் நேரில் போனதே இல்லை. விடுதிகள், கடைகள், பேருந்து நிலையங்கள் எல்லாம் அவனுக்குப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய எழுத்துகள்தான். குளத்தைக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று முதல்முறையாகப் பார்த்தபோது, அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. வெயில் குளத்தின் அடியில் பதித்த ஓடுகள் வரை இறங்கிக் கோடு கோடாக ஆடியது. உயரமான நாற்காலியில் விசில்காரர் உட்கார்ந்து, யாருமில்லாத தண்ணீரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கவாட்டுக் கதவு வழியாக மேலாளரின் அறைக்குப் போனார்கள். நடுவயது அம்மாள், கழுத்தில் விசில், மேசையில் கணினி, பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் குளம். கணினித் திரையில் பதிவுக் கணக்கைக் காட்டும் ஒரு கோடு மலை ஏறுவது போல ஏறி, உச்சியில் சமமாகப் படுத்திருந்தது.

"நிரம்பி வழியுதுங்க" என்றார் மேலாளர் மகிழ்ச்சியாக. "நான் பொறுப்பேத்ததுல இருந்து இப்படி இருந்ததே இல்ல. மேலிடத்துல இருந்து பாராட்டு வந்திருக்கு. வேற ஊர்ல இருந்து வந்து எப்படிச் செய்யறீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க."

"குளத்துல யாருமே இல்லையே அம்மா" என்றாள் அக்கா.

மேலாளர் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"ஆமா. தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு. மருந்துச் செலவும் பாதியாயிடுச்சு."

"ஆளே வராம எப்படி நிரம்பும்னு நீங்க யோசிக்கலையா?"

"யோசிச்சேன். பதிவுங்கிறது ஒரு பிரிவு, வருகைங்கிறது வேற பிரிவு. என்கிட்ட பதிவைத்தான் கேக்குறாங்க. வருகையைக் கேக்கட்டும், சொல்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அந்த விசில்காரர் போன வாரம் என்கிட்ட வந்து, நானாவது இறங்கி நீந்தட்டுமான்னு கேட்டாரு. பாவமாத்தான் இருந்துச்சு."

சிலந்தி தொண்டையைச் செருமிக்கொண்டான். எங்கே ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடினான். அக்கா தேடவில்லை.

"இவன்தான்" என்றாள். "என் தம்பி. தலையில்லாத பிரவுசர் ஒண்ணு செஞ்சு எல்லா இடத்தையும் பிடிச்சுட்டான். இப்ப நிறுத்திட்டான். ஆனா ஊரே அதைக் காப்பியடிச்சு வச்சிருக்கு."

மேலாளர் அவனை முதல்முறையாகக் கூர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"என்ன செஞ்சா நிக்கும்?"

"பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு படத்தைக் காட்டி, இதுல என்ன இருக்குன்னு கேக்கலாங்க. அந்தப் பிரவுசருக்குப் படமே தெரியாது. அங்கயே மாட்டிக்கும். கொஞ்ச நாளைக்காவது தாங்கும்."

"தளத்தை மாத்தணுமா?"

"ஆமா."

"அது வேற ஊர்ல இருக்கிற ஒரு நிறுவனம் கையில இருக்கு. ஒரு எழுத்தை மாத்தணும்னாலும் கமிட்டி கூடணும். போன தடவை 'குளம்'ங்கிறதுல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு. ரொம்ப நாள் வெறும் 'கும்'னுதான் இருந்துச்சு."

 வெளியே கம்பிக் கதவில் ஏதோ சத்தம் கேட்டது. தொப்பிக்காரர் வந்திருந்தார். திரையைப் படித்துக்கொண்டிருந்தார். மேலாளர் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார். அக்கா மேலாளரைப் பார்த்தாள்.

"அந்தக் கதவு யாரோடது?" என்று கேட்டாள்.

"கதவா? கதவு என்னோடதுதான்."

"அது ரிப்பேர் ஆனா என்ன பண்ணுவீங்க?"

மேலாளர் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். விதி அவருக்கு மனப்பாடம். கதவு பழுதானால், சரியாகும் வரை, ஊழியர் வாசலில் நின்று தலையை எண்ணி ஆட்களை உள்ளே விடலாம். குளம் நிஜமாக நிறைந்ததும் நிறுத்தலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பழுதைச் சரிசெய்யத்தான் கமிட்டி கூட வேண்டும்.

"கதவு நல்லாத்தானே இருக்கு?" என்றான் சிலந்தி.

"அப்படியா சொல்றீங்க?" என்றார் மேலாளர். "ஆள் இல்லாத இடத்தை நிரம்பிடுச்சுன்னு சொல்ற கதவு நல்லா இருக்கிற கதவா? இதைவிட ஒரு கதவு வேற எப்படிங்க பழுதாகும்?"

எழுந்து போனார். கம்பிக் கதவைச் சாவியால் திறந்து, அது மூடாதபடி தன் நாற்காலியையே குறுக்கே போட்டார். மேலே எரிந்த திரையின் மீது ஒரு துண்டைப் போர்த்தி, 'கதவு பழுது' என்று அட்டையில் எழுதி மாட்டினார். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பிக்காரரைப் பார்த்து, "வாங்க, ஒண்ணு" என்றார்.

தொப்பிக்காரர் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏதோ மனம் மாறிவிடுவார்களோ என்று பயந்தவர் போல விறுவிறுவென்று உள்ளே போய், படியில் இறங்காமல் அப்படியே குதித்தார். விசில்காரர் திடுக்கிட்டு எழுந்து விசிலை ஊதினார். குதிக்கக்கூடாது என்பது விதி. அந்த விசிலில் கண்டிப்பைவிட மகிழ்ச்சிதான் அதிகமாக இருந்தது.

செய்தி எப்படிப் பரவியதோ தெரியவில்லை. அந்த வாரத்திலேயே வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது. தளம் மட்டும் தினமும் காலையில் வழக்கம் போல நிரம்பியது. ஊரில் பல குளிர்பெட்டிகளின் மேலும் அலமாரிகளின் மேலும் பச்சைப் புள்ளிகள் எரிந்து, யாரும் பார்க்காத பக்கத்தில், யாருக்கும் தேவைப்படாத இடங்களை முந்திக்கொண்டு பிடித்தன. மேலாளரின் கோடு உச்சியிலேயே படுத்திருந்தது. மேலிடத்துக்கும் குறையில்லை. கமிட்டி இன்னும் கூடவில்லை.

அக்கா வேலை முடிந்ததும் வரிசையில் நின்று போய்வந்தாள். இடம் கிடைக்காத நாளும் உண்டு. கிடைத்த நாளில், வீட்டுக்கு வந்ததும் ஒரே புலம்பல். ஒருத்தி காலை மிதித்துவிட்டாள், ஒருத்தன் கண்ணில் தண்ணீர் அடித்தான், தொப்பிக்காரர் நடுக்கோட்டில் மல்லாந்து மிதந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறார். "ராஜா வீட்டுக் குளம் போய் சந்தைக் கடை ஆயிடுச்சுடா" என்பாள். ஆனாலும் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

அடுத்த விடுமுறை நாளில் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள். "ஊரானை விடாம பண்ணினது போதும். நீயும் வரிசையில நின்னு பாரு" என்றாள். நின்றான். அவனுக்கு முன்னால் தபால் கூடத்துத் தோழி நின்றாள். புது நீச்சல் உடையின் அட்டையைக்கூடப் பிய்க்கவில்லை. வெயில் உச்சந்தலையில் ஏறிய பிறகு மேலாளர் அவன் தலையையும் எண்ணி உள்ளே விட்டார். அவனை அடையாளம் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை. அதற்கு அவன் மனதுக்குள் நன்றி சொன்னான்.

அவனுக்கும் நீச்சல் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்து நின்றான். தண்ணீர் குளிர்ந்தது. பிறகு, அக்கா சொன்னது மாதிரியே, அடியிலிருந்து எதுவோ அவனை மெல்லத் தூக்கியது. அவன் ஒரு கையை விட்டுப் பார்த்தான். சுற்றிலும் எல்லோரும் கத்திக்கொண்டும் தெறித்துக்கொண்டும் இருந்தார்கள். தளத்தின் படக்காட்சியில் ஆடிய அலைகள் இவ்வளவு சத்தம் போடும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற ஓர் அம்மாள் அவனோடு பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

அவனுக்கும் அக்காவைப் போலப் பொய் வராது. கணினி வேலை என்றான். என்ன மாதிரி கணினி வேலை என்று கேட்டார். தளங்களிலிருந்து விவரங்களைத் தானாகவே எடுத்துவரும் நிரல் எழுதுவேன் என்றான்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. தண்ணீரில் ஓரடி நெருங்கி வந்தார்.

"அப்படியா! பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கத் தவமாத் தவம் கிடக்கிறேன் தம்பி. ஆறு மணிக்குத் திறக்குது, அடுத்த நிமிஷம் காணோம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். உங்களால ஏதாவது..."

சிலந்தி கம்பியை விட்டான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினான். அடியில் எல்லாம் நீலமாகவும் அமைதியாகவும் இருந்தது. பலருடைய கால்கள் மெதுவாக நடந்துகொண்டிருந்தன. இருக்க முடிந்த வரைக்கும் இருந்தான். மூச்சு முட்டி மேலே வந்தபோது, அம்மாள் அதே இடத்தில், அதே சிரிப்போடு, பல் டாக்டர் சீட்டு எண்ணைச் சொல்லத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.